எதில் நாற்பத்தொரு சதவீதம்?

தங்கச்சியிடமிருந்து போன் வந்தபோது ஆய்வகத்தில் யூரின் கல்ச்சர் தட்டுகளை, அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் தட்டுகளை, படித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மாலை போட்ட தட்டுகள், முப்பதுக்கு மேல் இருக்கும். கையுறையைக் கழற்றிவிட்டு வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். "ரிப்போர்ட் வந்துருச்சுக்கா" என்று சொல்லிவிட்டு, கிருமிகளின் பெயர்களை எழுத்துக் கூட்டி வாசித்தாள். லாக்டோபேசிலஸ் 41.6 சதவீதம். கார்ட்னெரெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், இன்னும் சில பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சதவீதம். எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு எழுத்தில், கர்ப்பப்பையின் கிருமிச் சமநிலை சரியில்லை என்று ஒரு வரி. அதை வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அக்கா, அப்ப ரெண்டு தடவையும் இதுங்கதான் தின்னுருச்சா?"

"ஒண்ணும் பயப்படாத. மருந்து குடுப்பாங்க, சரியாயிடும்" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய் மிச்சத் தட்டுகளைப் படித்தேன்.

ஒரு வருடம் ஆகப் போகிறது. அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை. ஆறுதல் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். ஆனால் மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்று நான் சொன்னதற்கு, ஆமாம், அதுதான் காரணம், உன் வயிற்றில் இருந்ததுதான் இரண்டையும் தின்றது என்றுதான் அர்த்தம். கிருமியோடு பதினாறு வருடம் வேலை செய்தவள் சொன்னதால் அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். சோதனையைச் செய்துகொள்ளலாமா என்று அதற்கு முன்பு என்னைத்தான் கேட்டிருந்தாள். "செஞ்சு பாரு, நஷ்டம் என்ன" என்று சொன்னவளும் நான்தான். அதைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்காமல் சொன்னேன்.

அவளுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். கல்யாணமாகி ஏழு வருடம். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் ஐவிஎஃப். ஐந்தாம் நாள் கரு, "நல்ல கிரேடு" என்று சொல்லித்தான் இரண்டு முறையும் வைத்தார்கள். இரண்டு முறையும் பதினான்காம் நாள் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்பத்துக்கான ரத்தச் சோதனை பார்த்தபோது ஒன்றும் இல்லை. மூன்றாவதற்கு முன்னால்தான் இந்தச் சோதனையைச் சொன்னார்கள். கர்ப்பப்பை உள்சவ்வில் துளியூண்டு சதை எடுத்து, அதிலுள்ள பாக்டீரியாக்களின் மரபணுவைப் படித்து, நல்லவை எவ்வளவு, கெட்டவை எவ்வளவு என்று சொல்லிவிடுவார்களாம். பணம் அவளுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.

கழுவி விட்ட காலம்

எங்கள் பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. எங்கள் இருவரையும் தூக்கி வளர்த்தது அவர்தான். திண்டுக்கல்லில் அந்தக் காலத்தில் அவருக்கு மூன்று முறை டிஎன்சி, அதாவது கர்ப்பப்பையின் உள்சுவரைச் சுரண்டி எடுப்பது, செய்திருக்கிறார்கள். வீட்டில் யாரும் அதை டிஎன்சி என்று சொல்லமாட்டார்கள். "கழுவி விட்டாங்க" என்பார்கள். கர்ப்பப்பையில் அழுக்குச் சேர்ந்திருக்கிறது, கழுவிவிட்டால் கரு தங்கும் என்பது அன்றைக்கு டாக்டரிலிருந்து பக்கத்து வீட்டுப் பாட்டி வரை எல்லோரும் சொன்ன பேச்சு. பெரியப்பாவின் விந்தை ஒருமுறைகூட யாரும் சோதித்ததில்லை. அடிக்கடி சுரண்டினால் உள்ளே சுவரோடு சுவர் ஒட்டித் தழும்பாகி, அதுவே கரு தங்காமல் போகக் காரணமாகலாம் என்று மருத்துவ உலகம் 1948-லேயே ஆஷர்மன் என்பவர் எழுதியதிலிருந்து அறிந்திருந்தது. அந்தச் செய்தி எங்கள் ஊர் வரை வரவில்லை. பெரியம்மா எழுபத்தோரு வயதில் இறந்தார். கடைசிவரை, யாராவது பிள்ளைப் பேச்சை எடுத்தால், "என் வயிறு சுத்தமில்லப்பா" என்று தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

அழுக்கு என்ற அந்தச் சொல் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். தங்கச்சி போனில் கேட்ட கேள்வியில் அதேதான் இருந்தது. இந்த முறை லத்தீன் பெயரும் தசமப் புள்ளியும் சேர்ந்திருந்தன.

இதற்கு நேரெதிராக, மருத்துவம் நூறு வருடத்துக்கும் மேலாகக் கர்ப்பப்பையைக் கிருமியே இல்லாத இடம் என்றுதான் சொல்லிக்கொடுத்தது. பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்த ஹென்றி டிசியே 1900-ல் எழுதியது அந்த எண்ணத்துக்கு அடித்தளம். பிறப்புறுப்பின் கதை வேறு. அங்கே குச்சி வடிவ பாக்டீரியா குடியிருப்பதை ஜெர்மனியின் டோடர்லைன் 1892-லேயே கண்டுவிட்டார். இன்று லாக்டோபேசிலஸ் என்று சொல்வது அதைத்தான். எங்கள் மேசையில் கிராம் சாயம் போட்டுப் பார்த்தால் ஊதா நிறத்தில் நீள நீளமாகத் தெரியும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் அங்கே சேரும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்திலிருந்து லாக்டிக் அமிலம் உண்டாக்கி, அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருக்கும். அந்தப் புளிப்பில் வேண்டாதவை வளர முடியாது. அங்கே அது நல்ல கிருமி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கர்ப்பப்பைக்குள் அந்தப் புளிப்பு கிடையாது. அங்கேயும் அதே கிருமி அதே காவலைத்தான் செய்கிறதா என்பதை, எனக்குத் தெரிந்து, யாரும் நிறுவவில்லை.

மரபணுவைப் படிக்கும் கருவிகள் வந்த பிறகு, கர்ப்பப்பைக்குள்ளும் பாக்டீரியாத் தடயம் தெரிந்தது. 2016-ல் ஸ்பெயினின் வாலென்சியாவைச் சேர்ந்த குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. ஐவிஎஃப் செய்துகொண்ட 35 பெண்கள். உள்சவ்வில் லாக்டோபேசிலஸ் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களில் 58.8 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. அதற்குக் கீழே இருந்தவர்களில் 6.7 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் மூச்சு நிற்கும். தங்கச்சியின் ரிப்போர்ட்டில் சரி, சரியில்லை என்று பிரித்த தொண்ணூறு சதவீதம் என்ற கோடு அங்கிருந்து வந்தது. ஆனால் 35 பேர். எங்கள் ஆய்வகத்தில் ஒரு காலை வேளையில் ரத்தம் கொடுக்க வரிசையில் நிற்பவர்கள் அதைவிட அதிகம். அதே குழு பல நாடுகளில் 342 பெண்களைச் சேர்த்து 2022-ல் பெரிய ஆய்வு வெளியிட்டது. குழந்தை பிறந்தவர்களிடம் லாக்டோபேசிலஸ் கூடுதல், தங்காதவர்களிடம் கார்ட்னெரெல்லா, கிளெப்சியெல்லா போன்றவை கூடுதல் என்ற அதே திசையில்தான் முடிவு. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பது வரை சரி. ஒன்று மற்றதைச் செய்தது என்பதற்கு அது போதாது. சோதனையை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அந்த ஆய்வாளர்களில் இருந்தார்கள் என்பதையும் நான் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சங்குப் பால்

இதையெல்லாம் படித்து முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் தங்கச்சி ஆண்டிபயாட்டிக் முடித்து, உள்ளே வைக்கும் புரோபயாட்டிக், அதாவது நல்ல கிருமி, மாத்திரையும் தொடங்கிவிட்டாள். மூன்றாவது கருவை வைக்கும் தேதி இரண்டு மாதம் தள்ளிப் போனது. அவளுடைய மாமியார் நல்ல மனுஷி. லாக்டோபேசிலஸ் தயிரில் இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் தனியாக ஒரு சட்டியில் உறை ஊற்றி வைத்தார். "இன்னொரு கரண்டி போட்டுக்க கண்ணு" என்று மூன்று வேளையும். தயிரில் இருப்பதும் பெண்ணின் உடம்பில் இருப்பதும் ஒரே வகையறாவில் வேறு வேறு இனங்கள். தயிர்க் கிருமியைச் சாப்பிட்டால் அது அங்கே போய்க் குடியேறாது. அதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. தயிர் பிடிக்காத என் தங்கச்சி அந்த இரண்டு மாதமும் சாப்பிட்டாள்.

ஒரு நாள் வழக்கம்போல யூரின் கல்ச்சர் தட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கை எடுக்கும் கம்பி வளையத்தால் கீறுவோம். தட்டில் நூறு புள்ளி முளைத்தால் மில்லிக்கு ஒரு லட்சம் என்று கணக்கு. அந்த எண்ணிக்கை இல்லாமல் கிருமியின் பெயரை மட்டும் எழுதி ரிப்போர்ட் கொடுத்தால் எங்கள் டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார். மூன்று புள்ளி முளைத்தால் தோலிலிருந்து வந்தது என்று விட்டுவிடுவோம். பதினாறு வருடமாக நாள் தவறாமல் செய்யும் வேலை இது. தங்கச்சி போனில் வாசித்தபோதும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். அந்த நாற்பத்தொரு சதவீதம் எதில் நாற்பத்தொரு சதவீதம், மொத்தம் எத்தனை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ரிப்போர்ட்டை மறுபடி வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கூட்டினால் நூறு வருகிறது. நூறு வராமல் எப்படி இருக்கும், சதவீதம்தானே. மொத்தம் எத்தனை பாக்டீரியா என்ற எண் எங்குமே இல்லை.

இது ஏன் முக்கியம் என்றால், கர்ப்பப்பைக்குள் இருக்கும் பாக்டீரியா பிறப்புறுப்பில் இருப்பதைவிட நூறு மடங்கிலிருந்து பத்தாயிரம் மடங்கு வரை குறைவு. ஒரு குடம் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் தெரியாது. பிள்ளைக்குப் புகட்டும் சங்கில் உள்ள பாலில் அதே சொட்டு விழுந்தால் பால் தண்ணீராகிவிடும். சதை எடுக்கும் மெல்லிய குழாய், கிருமி நிறைந்த பாதை வழியாகத்தான் உள்ளே போய், அதே வழியாகத்தான் வெளியே வருகிறது. பிறகு ஆய்வகத்துக்குப் போகிறது. மரபணுவைப் பிரிக்க ஊற்றும் ரசாயனத்திலேயே பாக்டீரியாவின் மரபணுத் துணுக்குகள் இருக்கும். கொதிக்க வைத்தாலும் வடிகட்டினாலும் அவை போவதில்லை. மாதிரியில் கிருமி அதிகமாக இருந்தால் இந்தத் துணுக்குகள் மூழ்கிப்போகும். மாதிரியில் ஒன்றுமே இல்லாவிட்டால் இவை மட்டுமே மேலே வந்து நிற்கும். கருவி அவற்றையும் விடாமல் எண்ணி, நூற்றுக்கு இத்தனை என்று எழுதிக் கொடுத்துவிடும்.

இது என் கற்பனைப் பயம் என்று சொல்லிவிட முடியாது. நஞ்சுக்கொடியில் இது நடந்தே விட்டது. நஞ்சுக்கொடிக்கென்று தனியாக ஒரு பாக்டீரியாச் சமூகம் உண்டு என்று 2014-ல் அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டுரை வந்து உலகமெங்கும் பேசப்பட்டது. 2019-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களின் நஞ்சுக்கொடிகளை எடுத்து, ஒவ்வொரு படியிலும் வெறும் ரசாயனத்தையும் கூடவே ஓட்டிப் பார்த்தார்கள். கிடைத்த தடயங்களில் பெரும்பாலானவை பிரசவ நேரத்தில் ஒட்டியவை அல்லது ரசாயனத்திலிருந்து வந்தவை. நிஜமாக இருந்த ஒரு கிருமி குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அதுவும் இருபதில் ஒருவரிடம்தான். கர்ப்பப்பையிலும் கதை இன்னும் முடியவில்லை. அறுவைச் சிகிச்சையின்போது, பிறப்புறுப்பு வழியாகப் போகாமல், நேராக வயிற்றுப் பக்கத்திலிருந்து மாதிரி எடுத்த ஆய்வுகளில் லாக்டோபேசிலஸ் அங்கே ஆட்சி செய்வதாகத் தெரியவில்லை. தொண்ணூறு சதவீதம் என்பது கர்ப்பப்பையின் இயல்பா, குழாய் வந்த வழியின் அடையாளமா?

எங்கள் நாட்டில் இந்தப் பாடத்தை நாங்கள் ஏற்கெனவே படித்திருக்க வேண்டும். இதே உள்சவ்வுச் சதையைக் காசநோய்க்காகப் பிசிஆர், அதாவது கிருமியின் மரபணுவைப் பெருக்கித் தேடும் சோதனை, செய்வது இங்கே குழந்தையின்மைச் சிகிச்சையில் வெகு சாதாரணம். கர்ப்பப்பைக் காசநோய் இங்கே நிஜமான, கருக்குழாய்களை அடைக்கிற, தவறவிடக் கூடாத நோய். ஆனால் பிசிஆர் பாசிட்டிவ் என்ற ஒற்றைச் சொல்லுக்காக மட்டும் ஆறு மாதம் காசநோய் மாத்திரை விழுங்கிய பெண்களை நான் அறிவேன். பிசிஆரை வைத்துப் பெண் பிறப்புறுப்புக் காசநோயை முடிவு செய்யாதீர்கள் என்று 2016-ல் வந்த இந்திய வழிகாட்டுதல் சொல்ல வேண்டியிருந்தது. துளியூண்டு சதை, நுட்பமான கருவி, ஏங்கிப் போன குடும்பம். இந்த மூன்றும் ஒரே அறையில் இருக்கும்போது 'பாசிட்டிவ்' என்ற சொல்லுக்கு வரும் கனமே தனி.

செக்கிங் டேபிள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் போனேன். நான் படித்ததையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நான் சொல்லித்தான் அவள் செய்தாள், மருந்தையும் முடித்துவிட்டாள், இப்போது போய் இதைக் குழப்புவதா என்றும் இருந்தது. மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மாதிரி எடுத்த வழியிலேயே ஒட்டியிருக்கலாம், ஊற்றிய ரசாயனத்திலிருந்து வந்திருக்கலாம் என்று ஆரம்பித்தேன். கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டாள். பாதிதான் சொல்லியிருப்பேன். "அக்கா, ஒரு டீ-ஷர்ட்ல ஆயில் கறை இருந்தா, அது நிட்டிங் மெஷின்ல வந்துச்சா, தையல் மெஷின்ல வந்துச்சா, எங்க செக்கிங் டேபிள்லயே வந்துச்சான்னு பாக்காம நாங்க தையக்காரங்க மேல எழுத மாட்டோம். அதுக்குத்தான் காலையில டேபிள்ல வெள்ளைத் துணி விரிச்சுத் தேச்சுப் பாக்குறது. இவங்க வெள்ளைத் துணி விரிச்சாங்களா?"

நாங்கள் நெகட்டிவ் கண்ட்ரோல் என்று சொல்வது அந்த வெள்ளைத் துணியைத்தான். அதைவிடச் சரியாக நான் யாருக்கும் விளக்கியதில்லை. அவளுக்குப் புரியாது, பயந்துவிடுவாள் என்று மூன்று வாரமாக நான் மட்டும் வைத்துக்கொண்டிருந்ததை அவள் ஒரு நிமிடத்தில் தாண்டிப் போய்விட்டாள். போனில் அன்றைக்கே "எனக்குத் தெரியாது, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

இரண்டு பேருமாக மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தாள். மொத்தம் எத்தனை? வெற்று மாதிரியில் என்ன வந்தது? டாக்டரம்மா கோபப்படவில்லை. சோதனை செய்த ஆய்வகத்துக்கு எங்கள் முன்னாலேயே போன் போட்டுக் கேட்டார். இரண்டு நாள் கழித்து வந்த பதிலில் தரக்கட்டுப்பாடு சரியாக இருந்தது என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. எண் வரவில்லை. அன்றைக்கு அறையை விட்டு நாங்கள் கிளம்பும்போது அவர் என்னிடம் சொன்னதை இங்கே எழுத வேண்டும்: "நீங்க கேக்குறது நியாயம்தான். ஆனா ரெண்டு நல்ல எம்ப்ரியோ தங்காம, இவங்க இந்தச் சேர்ல உக்காந்து ஏன் மேடம்னு கேக்கும்போது, என் கையில என்ன இருக்கு சொல்லுங்க." அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வெறுமையில் எது வந்து உட்கார்ந்தாலும் பதில் போலத்தான் இருக்கும்.

அவர் கையில் இருந்த ஒரு பதிலை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முப்பதுகளின் நடுவில் இருக்கும் பெண்ணின் ஐந்தாம் நாள் கருக்களில், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குக் குரோமோசோம் கணக்கு பிசகியிருக்கும். பிசகாத கருவிலும் எல்லாமே தங்குவதில்லை. இரண்டு முறை தங்காமல் போக, யாருடைய வயிற்றிலும் எந்தக் குற்றமும் இருக்க வேண்டியதில்லை. இது ஆறுதலுக்குச் சொல்வது இல்லை, கணக்கு. இதைச் சொல்ல சதை எடுக்கும் எந்தப் பயாப்சியும் தேவையில்லை என்பதால்தானோ என்னவோ யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கமான எஷ்ரே 2023-ல் வெளியிட்ட பரிந்துரையில், பிறப்புறுப்பு, கர்ப்பப்பைக் கிருமிச் சோதனைகளை இப்போதைக்குப் பரிந்துரைக்கவில்லை என்றே எழுதியிருக்கிறது. டென்மார்க்கில் பிறப்புறுப்புக் கிருமிச் சமநிலை குலைந்த 338 ஐவிஎஃப் பெண்களை மூன்றாகப் பிரித்து, சிலருக்கு ஆண்டிபயாட்டிக்கும் லாக்டோபேசிலஸும், சிலருக்கு ஆண்டிபயாட்டிக் மட்டும், சிலருக்கு வெற்று மருந்து என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2025-ல் முடிவு வந்தது. மூன்று குழுவிலும் கர்ப்பம் தரித்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். அது கர்ப்பப்பை இல்லை, பிறப்புறுப்பு என்று யாராவது சொல்லலாம். சரிதான். கர்ப்பப்பைக்கும் அப்படி ஒரு ஆய்வைச் செய்து காட்டிவிட்டுப் பிறகு பெண்களிடம் பணம் கேளுங்கள் என்கிறேன். நாள்பட்ட உள்சவ்வு அழற்சி என்று ஒரு நிஜமான நோய் உண்டு. அதைத் திசுவில் பிளாஸ்மா செல்களைச் சாயமேற்றிப் பார்த்துச் சொல்வார்கள், மருந்தும் கொடுப்பார்கள். அதில்கூட எத்தனை செல் இருந்தால் நோய் என்று இன்னும் ஒரே கருத்து இல்லை. ஆனால் ஆராய்ச்சி தொடர வேண்டும் என்றே ஆசைப்படுகிறேன். ஒருநாள் இந்தச் சோதனை சில பெண்களுக்கு உண்மையாகவே உதவலாம். ஆராய்ச்சியில் சேரும் பெண்ணிடம் இது ஆராய்ச்சி என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள், பணம் வாங்கமாட்டார்கள். என் தங்கச்சியிடம் பணத்தை வாங்கிக்கொண்டு சிவப்பு எழுத்தைக் கொடுத்தார்கள்.

மறுபடி பயாப்சி எடுத்துச் சதவீதம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அவள் வேண்டாம் என்றாள். மூன்றாவது கருவை வைத்தார்கள். அதன் முடிவை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், தங்கியிருந்தால் மருந்து வேலை செய்தது என்றும், தங்காவிட்டால் சோதனை பொய் என்றும் படிப்பீர்கள். ஒரு பெண்ணின் ஒரு மாதத்திலிருந்து இரண்டுமே தெரியாது. அவள் நலமாக இருக்கிறாள், தயிரை நிறுத்திவிட்டாள்.

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் பழக்கமான பெண்கள் நாலைந்து பேர் இப்போது தங்கள் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புகிறார்கள். அவள் எனக்கு அனுப்புகிறாள். நேற்று இரவு பதினொன்றரைக்கு ஒன்று வந்தது. லாக்டோபேசிலஸ் 12 சதவீதம், கீழே அதே சிவப்பு எழுத்து. ஈரோட்டுப் பக்கத்துப் பெண், இருபத்தொன்பது வயதாம். படத்துக்குக் கீழே அந்தப் பெண் எழுதியிருந்ததை அப்படியே அனுப்பியிருந்தாள்: "என்னாலதானாங்க்கா?" எழுத்தில் பதில் போட மனம் வரவில்லை. நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். காலையில் டியூட்டிக்குப் போகும் முன் பேசப் போகிறேன்.